அந்தப் பியானோ யாருக்காக?

கேள்வி: ராபர்ட் மைல்ஸின் முதல் ஆல்பம் ‘ட்ரீம்லேண்ட்’. காலேஜ் நாட்களில் அதைக் கேட்டு உருகியவன் நான். சமீபத்தில் முழு ஆல்பத்தையும் மறுபடி கேட்டேன், பெரிய ஏமாற்றம். ‘சில்ட்ரன்’ ஒன்றுதான் தேறுகிறது. மீதியெல்லாம் அதே பியானோ, அதே எதிரொலி, அதே பீட். டிரான்ஸ் என்கிற எலெக்ட்ரானிக் நடன இசை என்றால் ஏற்றம் வேண்டும், உச்சம் வேண்டும். இதில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு ஹிட்டை வைத்துக்கொண்டு ஆல்பம் என்று விற்றுவிட்டார்கள் என்று சொன்னால் தப்பா? இவருடைய மற்ற ஆல்பங்களைத் தேடிக் கேட்பதில் பயன் உண்டா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: தப்புதான். ஒரே மாதிரி இருக்கிறது என்கிறீர்கள், அதை நான் மறுக்கவில்லை. பத்து டிராக் உள்ள ஆல்பத்தில் ‘சில்ட்ரன்’ இரண்டு தடவை, ‘ஃபேபிள்’ இரண்டு தடவை வருகிறது. பாட்டு கைவசம் குறைவாக இருந்தது, கம்பெனிக்கு அவசரம் என்று நீங்கள் நினைத்தால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் உச்சம் இல்லை என்பதைக் குறையாகச் சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உங்களோடு சண்டை. போட வராமல் விட்டுப்போன உச்சம் இல்லை அது. மனிதர் வேண்டாம் என்று முடிவு செய்து எடுத்துவிட்டார். ஏன் எடுத்தார் என்று தெரிந்துகொண்டு கேட்டால் இந்த ஆல்பம் வேறு மாதிரிக் கேட்கும்.

அவருடைய உண்மைப் பெயர் ரொபெர்ட்டோ கொன்சினா. 1969-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த இத்தாலியர். வளர்ந்தது வடகிழக்கு இத்தாலியில், ஃப்ரியூலி பகுதியில் ஃபகான்யா என்ற சின்ன ஊரில். சிறு வயதிலேயே பியானோ கற்றுக்கொண்டவர், அப்புறம் கிளப்களில் டிஜே. 1990-களின் முதல் பாதியில் இத்தாலிய கிளப்கள் எப்படி இருந்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ரிமினி, ரிச்சோனே போன்ற கடற்கரை ஊர்களில் பெரிய பெரிய டிஸ்கோக்கள், விடியும்வரை கடும் வேகத்தில் டெக்னோ. ஆடி முடித்த பிள்ளைகள் ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோடு, காதுக்குள் இன்னும் அந்த அடி ஓடிக்கொண்டிருக்க, காரை எடுத்துக்கொண்டு எங்கோ இருக்கிற தங்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். போதையும் சேர்ந்துகொள்ளும். வழியில் சாவார்கள். வாரா வாரம் இது நடந்தது. ‘சனிக்கிழமை ராத்திரிப் படுகொலை’ என்றே இத்தாலியப் பத்திரிகைகள் இதற்குப் பெயர் வைத்தன. கிளப்களைச் சீக்கிரம் மூடச் சொல்லித் தாய்மார்கள் அமைப்பாகச் சேர்ந்து போராடிய காலம் அது.

அந்தக் கூட்டத்துக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆள் இவர். ராத்திரியின் கடைசியில், இவர்கள் சாவியை எடுப்பதற்கு முன்னால், ரத்தக் கொதிப்பை இறக்கிவிடுகிற மாதிரி ஒரு டிராக் வேண்டும் என்று 1994 வாக்கில் இவர் எழுதியதுதான் ‘சில்ட்ரன்’. இன்னொரு காரணமும் உண்டு, பெயர் வந்தது அதிலிருந்து. அவருடைய அப்பா முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கு உதவிப் பணிக்குப் போய், போரில் அடிபட்ட குழந்தைகளின் புகைப்படங்களோடு திரும்பி வந்தார். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், ஃப்ரியூலிக்குக் கிழக்கே ஸ்லொவேனியா. 1991-இல் யூகோஸ்லாவியாவின் போர் முதலில் வெடித்ததே அங்கேதான். இவர்களுக்கு அது டிவி செய்தி இல்லை, பக்கத்து வீட்டில் எரிகிற தீ. ஆக, கிளப்புக்குள் ஆடுகிற பிள்ளைகள் ஒரு பக்கம், எல்லைக்கு அப்பால் சாகிற பிள்ளைகள் இன்னொரு பக்கம் என்று இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு ஒருத்தர் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய் உச்சம் எங்கே என்று கேட்கிறீர்கள்.

இப்போது பாட்டுக்கு வாருங்கள். மெதுவான பாட்டு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இல்லை. நிமிடத்துக்கு 130-ஐத் தாண்டி ஓடுகிற பீட் அது. என் கணிப்பில் இவருடைய கெட்டிக்காரத்தனமே இதில்தான் இருக்கிறது. ஆறு மணி நேரம் ஆடிய உடம்பை நிறுத்து என்றால் நிற்காது, திடீரென்று மெதுவான பாட்டைப் போட்டால் தளம் காலியாகிவிடும், அத்தனை பேரும் அதே கொதிப்போடு காருக்குப் போய்விடுவார்கள். அதனால் கீழே ஓடுகிற அடியைக் கலைக்காமல் விட்டுவிட்டு, மேலே இருப்பதை மட்டும் மாற்றினார். சின்தசைசரின் முரட்டு ஒலி வர வேண்டிய இடத்தில் பியானோ. அதுவும் அடுக்கடுக்காக இல்லை, சில ஸ்வரங்கள்தான். இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் இருக்கிற காலி இடத்தை எதிரொலியே நிரப்பிக்கொள்கிறது. நடுவில் டிரம்ஸ் விலகும்போது வழக்கமான டிரான்ஸில் என்ன செய்வார்கள்? ஸ்னேர் டிரம்மை உருட்டி உருட்டி ஏற்றி, கூட்டத்தின் கைகளை மேலே தூக்க வைத்து, அப்புறம் ஒரே அடியாக இறக்குவார்கள். இங்கே பீட் திரும்பி வரும்போது அந்த மிரட்டல் இல்லை, பியானோவோடு வந்து சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும், ஆனால் மனசு இறங்க ஆரம்பித்துவிடும். இன்று ராத்திரி ஹெட்போன் போட்டு அந்த ஒரு இடத்தை மட்டும் கேட்டுவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையா என்று எனக்கு எழுதுங்கள்.

‘ட்ரீம்லேண்ட்’ மொத்தமும் இந்த ஒரே யோசனையை நீட்டிப் பார்ப்பதுதான். ‘ஃபேபிள்’ அதில் ஒரு பெண் குரலைச் சேர்க்கிறது. ‘லேண்ட்ஸ்கேப்’, ‘இன் த டான்’ இரண்டிலும் மெட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை, சூழல்தான். கடைசியில் வருகிற ‘ரெட் ஸோன்’ மட்டும் கொஞ்சம் முரடு, இந்த வரிசையில் ஒட்டவில்லை என்றே எனக்கு எப்போதும் தோன்றும். பத்தில் நாலைந்து டிராக் அற்புதம், இரண்டு மூன்று சுமார். முதல் ஆல்பத்துக்கு இது மோசமா? நீங்கள் இதை ஒரு விருந்தின் நடுவில் போட வேண்டிய பாட்டுகளோடு சேர்த்து வைத்து மார்க் போடுகிறீர்கள். அளவுகோல் அங்கேயே கோணல்.

‘விற்றுவிட்டார்கள்’ என்றீர்கள், அதற்கும் பதில் சொல்கிறேன். 1995 தொடக்கத்தில் இத்தாலியில் ‘சில்ட்ரன்’ வெளிவந்தபோது அது ஒரு சின்ன டான்ஸ் வெளியீடு. அடுத்த ஆண்டு இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று பல நாடுகளில் முதலிடம், இங்கிலாந்தில் இரண்டாம் இடம், பாடுகிற குரலே இல்லாத பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 21-ஆம் இடம் வரை போனது. 1997-இல் பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருதும் கிடைத்தது. அந்த வெற்றியைப் பார்த்ததும் எதிரொலிப் பியானோவை வைத்து ஆளாளுக்குப் பாட்டுப் போட ஆரம்பித்தார்கள், ‘ட்ரீம் ஹவுஸ்’ என்று அதற்குப் பெயரும் வந்தது. டிவி தொடரின் தீம் இசையைக்கூட அந்த அச்சில் வார்த்தார்கள். உங்களுக்கு இன்று அது அலுக்கிறதென்றால், காரணத்தில் பாதி அந்த நகல்கள். இருபத்தைந்து வருஷமாக நகலைக் கேட்டுப் பழகிய காதோடு அசலுக்குத் திரும்பி வந்து, இது எங்கேயோ கேட்டது போல இருக்கிறதே என்று அசலைத் திட்டுவது நியாயமே இல்லை.

விற்பனைக்காகச் செய்தது என்று ஒன்றை எனக்குக் காட்டச் சொன்னால் ‘ஒன் அண்ட் ஒன்’ பாட்டைக் காட்டுவேன். மரியா நெய்லர் பாடியது, பிறர் எழுதியது, ஆல்பத்தின் பிந்தைய பதிப்பில் கொண்டுவந்து சேர்த்தது. தனியாகக் கேட்டால் நல்ல பாப் பாட்டு, நெய்லரின் குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அத்தனை நேரம் வார்த்தை தேவைப்படாமல் ஓடிக்கொண்டிருந்த ஒன்றுக்குள் சரணமும் பல்லவியுமாக அது நுழையும்போது வேறு யாரோ ரேடியோவை மாற்றிவிட்டது போலத்தான் ஆகிறது. நீங்கள் கேட்டது இந்தப் பதிப்பாக இருந்தால், அந்தப் பாட்டைத் தாண்டிவிட்டு ஒரு தடவை கேளுங்கள்.

மற்ற ஆல்பங்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு ஹிட்டை வைத்து வாழ நினைத்த ஆள் அடுத்து என்ன செய்திருப்பார்? ‘சில்ட்ரன்’ இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று போய்க்கொண்டே இருந்திருப்பார், வாங்கவும் ஆள் இருந்தது. இவர் 1997-இல் ‘23ஏஎம்’ போட்டார், அதிலேயே அந்தப் பியானோவை விட்டு விலகத் தொடங்கிவிட்டார். பிறகு பெரிய கம்பெனியிலிருந்து வெளியே வந்து, சொந்த லேபிள் வைத்து, 2001-இல் ‘ஆர்கானிக்’ வெளியிட்டார். ‘ட்ரீம்லேண்ட்’ வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே வரவில்லை. அதில் நம் திரிலோக் குர்து தாளம் வாசித்திருக்கிறார், இந்திய வம்சாவளி பிரிட்டிஷ் இசைக்கலைஞர் நிதின் சாஹ்னியும் உண்டு. 2004-இல் குர்துவோடு சேர்ந்து ஒரு முழு ஆல்பமே போட்டார். 2011-இல் வந்த ‘தர்ட்டீன்’ ஆல்பத்தில் கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவின் ராபர்ட் ஃப்ரிப் கிட்டார் வாசித்தார். கடைசிக் காலத்தில் இபிசா தீவில் ஓபன்லேப் என்ற வானொலியை நடத்தினார், 2017-இல் புற்றுநோயில் இறந்தபோது வயது 47தான்.

பயன் உண்டா என்றால், தாராளமாக உண்டு. ‘ஆர்கானிக்’கில் ஆரம்பியுங்கள், ‘23ஏஎம்’ அப்புறம். ‘ட்ரீம்லேண்ட்’ ஆல்பத்தைக் கடைசியாக, ராத்திரி ரொம்ப நேரம் கழித்து, வேறு வேலை எதுவும் இல்லாதபோது போடுங்கள். பகலில் ஆபீஸ் வேலைக்கு நடுவே பின்னணியில் ஓடவிட்டுவிட்டு அதன் மேல் தீர்ப்பு எழுதாதீர்கள்.