கூரையின் உட்புறத்தில் அரும்பும் நீர்

வணக்கம். ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் பின்தொட்டியில் 12 மி.மீ. பிளைவுட்டால் நீங்களே கட்டிய கூண்டில், கொலராடோ மலைக்குளிரில் புரொப்பேன் ஹீட்டரை எரியவிட்டு உறங்கி எழும்போது கூரையிலிருந்து நீர் சொட்டுவதாகவும், வெளியே இன்னொரு பூச்சு எப்பாக்ஸி (நீர்புகாப் பிசின்) அடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். மழையில்லாத இரவிலும் சொட்டுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது என்றே கருதுகிறேன். விளக்கை அருகே பிடித்துப் பாருங்கள்: உலோகம் விரைவில் குளிர்ந்துவிடுவதால், திருகாணித் தலைகளில்தான் முதல் துளிகள் வரிசையாக அரும்பியிருக்கும். ஐயம் தீர வேண்டுமெனில், உட்கூரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு விளிம்புகளிலும் டேப்பால் ஒட்டிவைத்து, காலையில் அதன் பலகைப் பக்கம் நனைந்திருந்தால் மட்டும் ஒழுகலைத் தேடுங்கள்.

ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது; புகைபோக்கி இல்லாத ஹீட்டர் அத்தனையையும் கூண்டுக்குள்ளேயே விடுகிறது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உயிரையே பறிக்கும் என்பதால், உறங்கும் முன் ஹீட்டரை அணைத்துவிடுமாறு மன்றாடிக் கேட்கிறேன். கீழே ஒன்றும் எதிர்மூலையில் மேலே ஒன்றுமாகக் காற்றுத் திறப்புகள் வையுங்கள். பலகை நன்றாக உலர்ந்த பிறகு, 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (குளிரைத் தடுக்கும் பாலிஸ்டைரீன்) நுரைத்தகட்டைத் திருகாணித் தலைகளும் மறையும்படி இடைவெளியின்றி ஒட்டிவிடுங்கள்.