குழந்தைகளை நாயகர்களாகக் கொண்ட பழைய சாகசப் படங்கள் இன்றும் ஈர்ப்பது ஏன்?

1985இல் ரிச்சர்ட் டோனர் இயக்கத்தில் வெளிவந்த ‘தி கூனீஸ்’ படத்திலேயே இதற்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து அஸ்டோரியாவில், கோல்ஃப் மைதானத்துக்காக வீடுகளை இழக்கவிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள், பரணில் அகப்பட்ட ஒரு பழைய வரைபடத்தை நம்பிக் கடற்கொள்ளையனின் புதையலைத் தேடிப் புறப்படுகிறார்கள். புதையல் கற்பனைதான், ஆனால் வீடு பறிபோய் நண்பர்கள் பிரிய நேரிடுமோ என்ற கலக்கம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் புரியக்கூடியது. பெற்றோரால் தீர்க்க முடியாத சிக்கலைப் பிள்ளைகள் கையில் எடுப்பதால், அவர்களுடைய ஓட்டமும் சண்டையும் வெறும் விளையாட்டாகத் தோன்றுவதில்லை.

எடுத்த விதமும் முக்கியமானது. அந்தப் படத்துக்காகக் கொள்ளைக் கப்பலை உண்மையான அளவிலேயே கட்டி, காட்சி படமாகும்வரை சிறுவர்களின் கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள். 1982இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய, பூமியில் தனித்துவிடப்பட்ட வேற்றுக்கிரக உயிரோடு பிள்ளைகள் கொள்ளும் நட்பைச் சொல்லும் ‘இ.டி.’ படத்தில் கேமரா பெரும்பாலும் குழந்தையின் கண்மட்டத்திலேயே நிற்கிறது. தாயைத் தவிர மற்றப் பெரியவர்களின் முகங்கள் நெடுநேரம் காட்டப்படுவதே இல்லை. கதை நிகழும் வரிசையிலேயே பெரும்பாலும் படமாக்கியதால், பிரிவுக் காட்சியில் குழந்தைகளிடம் தெரியும் துயரத்தில் நடிப்பைக் காட்டிலும் உண்மையே மிகுதி என்று நான் கருதுகிறேன்.

இப்படங்கள் அச்சத்தை மழுப்புவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குற்றவாளிகள் துரத்துகிறார்கள், அன்புக்குரிய உயிர் சாகும் நிலைக்குச் செல்கிறது. சிறு வயதில் அந்தத் துணிச்சலை ரசித்தவர், பெற்றோரான பின் பார்க்கும்போது ‘இ.டி.’யில் தனியே மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தாயின் களைப்பை முதன்முறையாகக் கவனிக்கிறார்.