மூன்று மா நிலமும் மூவாயிரம் ரூபாய் மேசையும்

மன்னார்குடி அருகிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள் பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். பழுதான வானொலியையும் கைப்பேசி சார்ஜரையும் பிரித்துப் பரப்பிக்கொண்டு பொழுதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் உங்கள் தம்பியோ, பெயர்பெற்ற தனியார் கல்லூரியில் கணினி அறிவியலுக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இப்போதே இடம் பிடித்துவிட வேண்டும், அதற்காக மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், நஞ்சையை அடமானம் வைத்தாலும் தவறில்லை என்கிறார். இரவில் உறக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வெறும் ஆறுதல் உங்களுக்குப் பயன்படாது என்பதால் நேராகவே சொல்கிறேன்: நிலத்தை அடமானம் வைக்காதீர்கள்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பவள். பிளஸ் டூவையும் அங்கேயே முடித்தால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2021 முதல் பொறியியல் கலந்தாய்வில் நடைமுறையில் இருக்கும் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு அவள் உரியவள். அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் கிடைக்கும். கலந்தாய்வை விட்டு நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போகிற குடும்பம், அரசு கட்டவிருந்த கட்டணத்தைத் தானே கடன் வாங்கிக் கட்டுகிறது. தம்பியின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் சொல்வது அவருக்கு வாய்த்த வழி. நான்கு ஆண்டுகளில் வட்டி எவ்வளவு ஆகும், அதை எந்தப் போகத்தில் அடைப்பது என்ற கணக்கு அவர் பேச்சில் எங்கும் வரவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாகக் கருதுவது கடைசி வரியை: 'ஏதோ கருவிகள் வாங்கப் பணம் கேட்கிறாள், கொடுக்கலாமா, படிப்பு கெட்டுவிடுமா?' கொடுங்கள். மூவாயிரம் ரூபாய்க்குள் வீட்டிலேயே ஒரு சிறிய மின்னணு ஆய்வகம் அமைத்துவிடலாம். அவளுடைய ஈடுபாடு உண்மையானதா, விடுமுறைக்கால ஆசையா என்பதை எந்தக் கல்லூரி விளம்பரத்தையும் விட அந்த மேசை தெளிவாகக் காட்டிவிடும்.

வெளிச்சமும் காற்றும் வரும் சன்னல் ஓரமாக ஒரு பழைய மரமேசையைப் போடுங்கள். பற்றவைக்கும் கருவியின் சூடான முனை மரத்தைச் சுடாதிருக்க, வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் ஒன்றை அதன்மேல் வையுங்கள். முதலில் வாங்க வேண்டியது வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் மல்டிமீட்டர். இணைப்பைச் சோதிக்கும்போது ஒலி எழுப்பும் வகையாகக் கேட்டு வாங்கினால் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். அடுத்தது உதிரிகளைச் சுற்றில் பற்றவைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன். அதனோடு ஒரு தாங்கியும், உருகி ஒட்டும் 60/40 ஈயக் கம்பியும் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) சேர்ந்து ஏறக்குறைய 600 ரூபாய் ஆகும். பற்றவைக்காமலே சுற்றுகளைப் பொருத்திப் பார்க்க பிரெட்போர்டும் இணைப்புக் கம்பிகளும் 250 ரூபாய். மின்தடைகள், மின்தேக்கிகள், எல்இடிகள், பிசி 547 டிரான்சிஸ்டர்கள், சீரான இடைவெளியில் மின்துடிப்புத் தரும் 555 டைமர் சிப்புகள் ஆகியவற்றை 500 ரூபாய்க்கு வாங்கினால் பல மாதங்களுக்குப் போதும். மின்சாரத்துக்கு நல்ல நிறுவனத்தின் பழைய 5 வோல்ட் கைப்பேசி சார்ஜரே போதுமானது. அதன் கம்பியில் எது நேர், எது எதிர் என்பதை நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்ள வேண்டும். அர்டுயினோ ஊனோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையை முதல் இரண்டு மாதங்களுக்கு வாங்க வேண்டாம். மின்னலைகளைத் திரையில் காட்டும் அலைநோக்கி இப்போதைக்குத் தேவையே இல்லை. உணரிகள் நிரம்பிய விலையுயர்ந்த தொகுப்புப் பெட்டியை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். அதில் பாதிப் பொருள்கள் உறை பிரிக்கப்படாமலே கிடக்கும். தம்பிக்கு உதவும் எண்ணம் இருந்தால் சென்னை ரிச்சி தெருவில் இவற்றை வாங்கி அனுப்பட்டும். அங்கே விலையும் குறைவு, வேண்டியதைச் சில்லறையாகவும் வாங்கலாம்.

படிப்பு கெடுமா என்ற அச்சத்துக்கு வருகிறேன். 5 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடியை எரிக்க 330 ஓம் மின்தடையைத் தொடராக இணைத்தால், எல்இடி எடுத்துக்கொள்ளும் சுமார் 2 வோல்ட் போக மீதி 3 வோல்ட்டை 330ஆல் வகுக்க, 9 மில்லி ஆம்பியர் வருகிறது. இதைத் தாளில் கணக்கிட்டு, மல்டிமீட்டரில் அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எதனால் என்று யோசிக்கும் பெண்ணுக்கு பிளஸ் டூ இயற்பியலின் மின்னோட்டவியல் பாடத்தை மனப்பாடம் செய்யும் தேவை இராது. 555 சிப்போடு 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம் மின்தடைகளையும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் சேர்த்தால் விளக்கு ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை மின்னும். மின்தேக்கியை மாற்றினால் வேகம் ஏன் மாறுகிறது என்பதை அவளே கண்டறிவாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள், அது உங்கள் களத்திலேயே இருக்கிறது. அரசு நெல் வாங்கும் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. அந்த ஓர் எண்ணுக்காக மழைநாளில் சாலையோரம் நெல்லைக் காயவைத்துக் காத்திருக்கும் துயரம் உங்கள் குடும்பத்துக்குத் தெரியாததன்று. ஈரமானிகளில் ஒரு வகை, உலர்ந்த தானியத்தைவிட நீருக்கு மின்காப்பு மாறிலி (தகடுகளுக்கு நடுவே வைத்தால் மின்னேற்றத்தைத் தேக்க உதவும் அளவு) பல மடங்கு அதிகம் என்ற உண்மையைக் கொண்டே வேலை செய்கிறது. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே நெல்லை நிரப்பினால் அது ஒரு மின்தேக்கி. அதையே 555 சுற்றில் இணைத்தால் ஈரம் கூடக்கூட அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது, குறையும். அந்த அதிர்வெண்ணை அர்டுயினோ எண்ணிச் சொல்லும். குறுவை அறுவடையின்போது கொள்முதல் நிலையத்து அளவையும் தன் கருவியின் அளவையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் குறித்துவரட்டும். முதலில் பொருந்தாது. நெல்லை அழுத்தி நிரப்பினாலும் வெயிலில் சூடேறினாலும் அளவு மாறும். ஏன் பொருந்தவில்லை என்று தேடுவதுதான், அளவைக் கருவிகளைப் பற்றிய கருவியியல் என்னும் துறையின் அன்றாட வேலை.

பாதுகாப்பில் மட்டும் சிறிதும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த ஆண்டு முழுவதும் 12 வோல்ட்டுக்கு மேல் ஓடும் எந்தச் சுற்றையும் அவள் தொடக் கூடாது. பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. பழைய குழாய்த் தொலைக்காட்சி மூலையில் கிடந்தால் அதையும் பிரிக்க விடாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் படக்குழாயில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். சார்ஜர்களின் உட்புறமும் அப்படியே. திண்ணையில் நடக்கும் அந்தப் பிரிப்பு வேலையை இன்றே நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரமாக இருக்கும் வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். அதை ஆய்வகச் செலவில் சேர்க்காதீர்கள், அது வீட்டில் உள்ள எல்லோருக்குமானது. பற்றவைக்கும்போது புகையை முகர வேண்டாம். ஈயம் தொட்ட கையைச் சோப்பால் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும்.

தீபாவளிக்குப் பின் பொதுத்தேர்வு முடியும்வரை மேசைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும். அதற்குள் அவள் குறிப்பேடு உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். அளவுகளும் சுற்றுப் படங்களுமாக நிறைந்திருந்தால் மின்னணு, மின்னியல், கருவியியல் பிரிவுகளைக் கலந்தாய்வில் முதலில் வையுங்கள். நிரல் எழுதுவதில்தான் அவள் மனம் ஊன்றியிருக்கிறது என்று தெரிந்தால் கணினி அறிவியலையே கேட்கலாம், அதுவும் கலந்தாய்வு வழியாக மட்டும். இரண்டிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மூவாயிரம் ரூபாயோடு அதை அறிந்துகொண்டீர்கள். பொறியியலையே விட்டு வேறு படிப்பைப் பேசுவோம். விருப்பப் பட்டியலை நிரப்பும் நாளில் கணினி முன் அவள் உட்காரட்டும். தம்பி பக்கத்தில் இருந்து கல்லூரிகளைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லலாம். வரிசையை அவர் தீர்மானிக்கக் கூடாது.