காரைக்குடியா, கம்ப்யூட்டர் சயின்ஸா?

ஐயா, வணக்கம்.

மகளுக்குக் கலந்தாய்வில் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்திருக்கிறது. அதற்கு முன்பே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 25,000 ரூபாய் கட்டிவிட்டீர்கள். எதில் சேர்ப்பது என்று கேட்கிறீர்கள். என் பதில் காரைக்குடி. ஒரே ஒரு காரணத்தால் அது மாறலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டிய பணத்தை முதலில் மறந்துவிடுங்கள். "கட்டியாச்சே" என்பதற்காக நான்கு வருடப் படிப்பை முடிவு செய்யக் கூடாது. சேர்க்கையை ரத்து செய்தால் கட்டணத்தைத் திருப்பித் தர யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இருக்கிறது. கடைசித் தேதி பார்த்து மின்னஞ்சலில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது.

எனக்குக் கவலை, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வாங்கும் கல்விக் கடன்தான். 10 லட்சம் வாங்கினால் 10 லட்சம் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வருடத்துக்கு 2.5 லட்சமாக நான்கு வருடம், 10 சதவீதத் தனிவட்டி என்று போட்டுப் பாருங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கும்போது வட்டி மட்டுமே சுமார் 3.5 லட்சம் சேர்ந்திருக்கும். அந்த 13.5 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் 18,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். வட்டி மானியத்துக்குத் தகுதி இருந்தால் சுமை குறையும், வங்கியில் கேளுங்கள். ஆனால் முதல் வேலையில் 25,000 சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு இந்தத் தவணை மிகப் பெரிய பாரம். வீட்டுப் பத்திரத்தை வைக்கத் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். காரைக்குடியில் கட்டணமே குறைவு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தரும் கட்டணச் சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். நிகர்நிலையில் அது இல்லை.

அடுத்தது வேலை. பேனரில் போடும் அதிகபட்சச் சம்பளம் யாரோ ஒரு மாணவருக்குக் கிடைத்தது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கொடுத்த விவரங்களைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. அதில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். இரண்டு கல்லூரிக்கும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அது எல்லாப் பிரிவுக்கும் சேர்த்த கணக்கு. அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸில் மட்டும் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு ஆஃபர் வந்தது என்று தனியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இசிஇ படித்தால் சாஃப்ட்வேர் பக்கம் போக முடியாதா என்ற பயம் வேண்டாம். டிசிஎஸ், இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்கள் மற்ற பிரிவு மாணவர்களையும் எடுக்கின்றன. அரியர் இல்லாமல் இருக்க வேண்டும், புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டும். எம்.டெக் போன்ற மேற்படிப்புக்கான கேட் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளும் எழுதலாம். காரைக்குடியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெருநகரக் கல்லூரிக்கு வரும் அளவுக்கு நிறுவனங்கள் அங்கே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்றாம் வருடத்திலிருந்து அவளே வெளியே தேடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்தக் காரணம். உங்கள் கடிதத்தில் அவளுக்கு எது பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. இசிஇ இரண்டாம் வருடப் பாடத்திட்டத்தை அவள் கையில் கொடுங்கள். சிக்னல்ஸ், சர்க்யூட்ஸ் எல்லாம் கணக்கும் இயற்பியலும் நிறைந்தவை. அந்தக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும் இரண்டு மாணவிகளிடம் அவளையே பேசச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். "இது என்னால் முடியாது, எனக்குக் கம்ப்யூட்டர்தான்" என்று தெளிவாகச் சொன்னால் எனக்கு எழுதுங்கள். அப்போதும் பத்திரம் வேண்டாம். செலவு குறைந்த வேறு கல்லூரியில் அதே படிப்பு கலந்தாய்வுச் சுற்றுகளில் கிடைக்குமா என்று பார்ப்போம்.

ஒதுக்கீட்டு ஆணையில் உள்ள தேதிக்குள் கல்லூரியில் சேராவிட்டால் இடம் போய்விடும். அதனால் இந்தப் பேச்சை இன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.