பன்னிரண்டு கிலோவில் தைராய்டின் பங்கு எவ்வளவு?

கேள்வி: வயது 38. இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் தைராய்டு குறைவு என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்று வருடமாக 50 மைக்ரோகிராம் போடுகிறேன், போன மாதம் டி.எஸ்.எச். 2.8. ஆனால் ஏறின 12 கிலோ இறங்கவே இல்லை டாக்டர். பக்கத்து வீட்டு அக்கா 100 போட்டதும் இளைத்துவிட்டாராம். நானும் கூட்டிக்கொள்ளலாமா?
வாசகி, கரூர்

பதில்: கூட்டாதீர்கள். டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் அது ஏறும். 2.8 என்றால் மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் அர்த்தம். அக்காவுக்கு 100 தேவைப்பட்டிருக்கும், அது அவர் உடம்பின் கணக்கு.

தைராய்டு குறைந்தால் எடை ஏறும், அதில் சந்தேகமில்லை. எவ்வளவு ஏறும் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நாலரை கிலோ, அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். டென்மார்க்கில் 2011-ல் ஒரு சின்ன ஆய்வு வந்தது, 12 பேர்தான், ஆனால் எடையை மட்டும் பார்க்காமல் கொழுப்பைத் தனியாக அளந்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு சராசரியாக 4 கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது, கொழுப்பு மட்டும் அசையவில்லை. போனதெல்லாம் உடம்பில் தேங்கியிருந்த நீர். காலையில் எழுந்ததும் கண்ணுக்குக் கீழே உப்பியிருக்குமே, விரல் வீங்கி மோதிரம் கழற்ற வராமல் சோப்பு போட்டு இழுப்போமே, அந்த நீர்தான். உங்களுக்கு அது முதல் சில மாதங்களிலேயே வடிந்திருக்கும்.

டோஸைக் கூட்டினால் எடை கொஞ்சம் இறங்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கூடவே தசையும் கரையும், படபடப்பு வரும், எலும்பு தேயும், இதயத்துடிப்பு தாளம் தப்பும். அமெரிக்காவில் இந்த மாத்திரையின் விவரத்தாளில் ‘எடை குறைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது’ என்று கட்டம் கட்டியே அச்சிடுகிறார்கள். இன்னொன்று, பருமனே டி.எஸ்.எச்.ஐக் கொஞ்சம் ஏற்றிவிடும், எடை இறங்கினால் அதுவும் இறங்கும். தைராய்டால் குண்டானேன் என்று வருகிற சிலருக்குக் கதை நேர் எதிர்.

சரி, மீதி எட்டு கிலோ? தையல் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பும் பார்த்தாக வேண்டும். 2023-ல் வெளியான இந்திய அளவிலான ஆய்வில் (சென்னையிலிருந்து ஒருங்கிணைத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தியது) பத்தில் நான்கு பேருக்கு வயிற்றுப் பருமன். அத்தனை பேருக்குமா தைராய்டு?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. வழக்கமான பரிசோதனையில் டி.எஸ்.எச். 6.8, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) நார்மல். ஒரு டாக்டர் ஆயுசுக்கும் மாத்திரை என்கிறார், இன்னொருவர் விட்டுப் பிடிக்கலாம் என்கிறார். அம்மா எப்போதும் அசதி என்பார்.
வாசகர், நாகர்கோவில்

பதில்: நான் இரண்டாவது டாக்டர் கட்சி. 65 வயதைத் தாண்டிய, இதே போல லேசாக டி.எஸ்.எச். ஏறின 737 பேரை வைத்து ஐரோப்பாவில் ஒரு ஆய்வு நடந்தது, 2017-ல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை, யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. தொடக்கத்தில் சராசரி 6.4. ஒரு வருடம் கழித்து மாத்திரைக்காரர்களுக்கு 3.6 ஆகிவிட்டது, ரிப்போர்ட் பார்க்க அழகாக இருந்தது. அசதி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே. வயதாக ஆக டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவது இயல்பு, லேபில் தடித்த எழுத்தில் அடித்துத் தரும்போதுதான் பயமாகிவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள், பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். 10-ஐத் தாண்டினால் பேச்சு வேறு. அசதிக்கு ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை, தூக்கம் இதையெல்லாம் முதலில் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், தயவுசெய்து.

கேள்வி: காலை ஐந்தரைக்கு ஃபில்டர் காபி இல்லாமல் எனக்கு ஓடாது. தைராய்டு மாத்திரையைக் காபியோடு போட்டால் என்ன ஐயா?
வாசகர், கும்பகோணம்

பதில்: காபி அந்த மாத்திரையைக் குடலில் முழுதாக உறிஞ்ச விடாது. தண்ணீரில் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். முடியாதென்றால் ராத்திரிக்கு மாற்றுங்கள், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது. நெதர்லாந்தில் 90 பேரிடம் இரண்டு நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள் (2010), இரவில் போட்டபோது ஹார்மோன் அளவு இன்னும் நன்றாகவே இருந்தது. மாற்றுவதை உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நடுவே நாலு மணி நேரம் விடுங்கள். அப்புறம், பாட்டிலை ஞாபகத்துக்காக அடுப்பு மேடையில் ஃபில்டர் பக்கத்திலேயே வைக்கிறீர்கள் என்றால், அந்தச் சூட்டில் மாத்திரை வீரியம் போய்விடும், அலமாரிக்கு மாற்றுங்கள்.