கோத்தகிரியில இருந்துக்கிட்டே பிஹெச்டிக்கு எப்படி ரெடி ஆகறது?

கேள்வி: அக்கா, நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில, அதாவது படுகர் கிராமத்துல இருக்கேன். கோயம்புத்தூர்ல எம்எஸ்சி சைக்காலஜி முடிச்சுட்டு ஒன்றரை வருஷமா ஊட்டியில ஒரு தெரபி சென்டர்ல ஆட்டிசம் உள்ள குழந்தைங்களோட வேலை பாக்குறேன். ஏபிஏ, அதாவது நடத்தையை அளந்து பாத்து மாத்தற அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்ல பிஹெச்டி பண்ணணும்னு ரொம்ப ஆசை. வெளிநாட்டு ஆன்லைன் மாஸ்டர்ஸ் ஒண்ணு சேந்தா பிசிபிஏ ஆயிடலாம், அப்புறம் பிஹெச்டி ஈஸின்னு ஒரு கன்சல்டன்சியில சொல்றாங்க. ஃபீஸ் பல லட்சம். அப்பா டீ தோட்டத்தை அடமானம் வெக்கலாம்ங்கறார். நான் பேப்பர் எதுவும் பப்ளிஷ் பண்ணல, இந்த மலையில ரிசர்ச் பண்ண வசதியும் இல்ல. என்ன செய்யட்டும்? பேர் போட வேண்டாம்.

பதில்: அப்பாகிட்ட முதல்ல சொல்லும்மா, தோட்டத்துப் பத்திரம் பீரோவுலயே இருக்கட்டும்.

பிசிபிஏங்கறது ஏபிஏ தெரபி பண்றவங்களுக்கு அமெரிக்காவுல பிஏசிபின்னு ஒரு போர்டு குடுக்கற சர்டிஃபிகேட், அந்த போர்டு 1998ல ஆரம்பிச்சது. மாஸ்டர்ஸ் டிகிரி வேணும், அவங்க சொல்ற பாடங்களைப் படிச்சிருக்கணும், 2,000 மணி நேரம் ஒருத்தரோட சூப்பர்விஷன்ல வேலை பாத்திருக்கணும் (சூப்பர்விஷன் அதிகமா இருந்தா 1,500), அதுக்கப்புறம்தான் எக்ஸாம். ஆனா 2023 ஜனவரியில இருந்து இந்தியாவுல இருக்கறவங்ககிட்ட புதுசா அப்ளிகேஷனே வாங்கறதில்ல. அப்ப நீ லட்சக்கணக்குல கட்டி கோர்ஸை முடிச்சாலும் கோத்தகிரியில உக்காந்துக்கிட்டு அந்த எக்ஸாமுக்கு அப்ளை பண்ண முடியாது. கன்சல்டன்சிக்காரங்ககிட்ட "இந்தியாவுல இருக்கற நான் எப்ப எக்ஸாம் எழுத முடியும், எழுத்துல குடுங்க"ன்னு மட்டும் கேட்டுப் பாரு, பதில் வராது. ஐபிஏஓ, க்யூஏபிஏன்னு வேற ரெண்டு அமைப்பு நம்ம மாதிரி நாடுகள்ல இருக்கறவங்களுக்கும் சர்டிஃபிகேட் தர்றாங்க, அது வேலைக்கு உதவும். பிஹெச்டிக்கு அதுவும் தேவை இல்ல.

நீ ரெண்டு பாதையை ஒண்ணா நினைச்சுக் குழப்பிக்கிட்டிருக்கே. சர்டிஃபிகேட் தெரபி பண்றதுக்கு, பிஹெச்டி ரிசர்ச் பண்றதுக்கு. வெஸ்டர்ன் மிச்சிகன், கான்ஸஸ், ஃப்ளோரிடா, நெவாடா ரீனோ மாதிரி இடங்கள்ல காலேஜுக்கு அப்ளை பண்றதை விட ஒரு ப்ரொஃபசருக்கு அப்ளை பண்றோம்னு நினைச்சுக்கறதுதான் சரி, ஏன்னா அவங்க லேப்ல நடக்கற வேலைக்கும் உன் ஆர்வத்துக்கும் ஒட்டுதான்னு பாத்துத்தான் ஆளை எடுக்கறாங்க. எடுத்துட்டா பெரும்பாலும் அசிஸ்டன்ட்ஷிப் குடுத்து ட்யூஷன் ஃபீஸையும் பாத்துக்குவாங்க, மாசாமாசம் பணமும் வரும். வீட்டை வித்து பிஹெச்டி பண்ண வேண்டிய துறை இது இல்லம்மா.

அப்ப அந்த ப்ரொஃபசர் என்னத்தைப் பாப்பாங்க? உனக்குன்னு ஒரு கேள்வி இருக்கான்னும், அளந்து பாக்கற பழக்கம் இருக்கான்னும்தான். மலையில ரிசர்ச் வசதி இல்லன்னு எழுதியிருக்கே பாரு, அதைப் படிச்சப்பதான் எனக்கு வருத்தமா இருந்துச்சு. இந்தத் துறையோட முக்கியமான ஜர்னல் ஜாபா 1968ல வந்தது, முதல் இதழ்லயே டொனால்ட் பேர், வுல்ஃப், ரிஸ்லின்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் இந்தத் துறை எப்படி இருக்கணும்னு எழுதினாங்க, அன்னையில இருந்து இன்னை வரைக்கும் இங்க முந்நூறு பேரும் பெரிய லேபும் கேக்கறதில்ல. மூணு குழந்தைங்க போதும். மூணு பேருக்கும் பேஸ்லைன், அதாவது கத்துக்குடுக்கறதுக்கு முன்னாடி எப்படி இருக்காங்கங்கற அளவு எடுத்துட்டு ஒரே நாள்ல ஆரம்பிக்காம ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தருக்கா கத்துக்குடுக்க ஆரம்பிக்கறோம், யாருக்கு எப்ப ஆரம்பிச்சோமோ அப்பத்தான் அவங்ககிட்ட மாற்றம் வருதுன்னா அது நம்ம கத்துக்குடுத்ததால வந்ததுன்னு நம்பலாம். இதுதான் மல்டிபிள் பேஸ்லைன். ஊட்டியில உன் சென்டர்லயே இதைச் செய்யலாம். ஜாபாவோட பழைய இதழ்கள் பப்மெட் சென்ட்ரல்ங்கற வெப்சைட்ல இலவசமாவே கிடைக்குது, வாரம் ரெண்டு படி.

நான் இதை எப்படிக் கத்துக்கிட்டேன்னு சொல்றேன். குன்னூர்ல நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல ஏழு வயசுப் பையன் ஒருத்தன், கையைக் கடிச்சுக்குவான். நம்ம கவனத்துக்காகப் பண்றான், கண்டுக்காதீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, நாங்களும் அவன் கடிக்கும்போதெல்லாம் எழுந்து தள்ளிப் போயிடுவோம். ரெண்டு மாசம். கூடிக்கிட்டேதான் போச்சு. அப்புறம்தான் ஒரு நோட்டு போட்டு கடிக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அவன் என்ன பண்ணினான், அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒவ்வொரு தடவையும் எழுதினேன். பத்து நாள்ல தெரிஞ்சிடுச்சு, பென்சிலை கையில குடுத்த உடனேதான் கடிக்கறான், நாங்க எழுந்து போனா எழுத்து வேலை நின்னுடுது, அவனுக்கு வேண்டியதே அதுதான். அதாவது நாங்களேதான் கடிக்கக் கத்துக்குடுத்திருக்கோம். 'போதும்'னு ஒரு கார்டு குடுத்து, அதை நீட்டினா வேலையை நிறுத்தினோம், கடிக்கறது குறைஞ்சது. ஒரே நடத்தைக்கு ஒவ்வொரு குழந்தைகிட்டயும் காரணம் வேறன்னு இவாட்டாங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 1982லயே பரிசோதனையா காட்டியிருக்காங்க, நான் அப்ப அதைப் படிச்சதில்ல. அந்தப் பையன் கையில இருந்த தழும்பை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

உன் கேள்வி என்னன்னு நீதான் கண்டுபிடிக்கணும், ஆனா உன் லெட்டரைப் படிக்கும்போது எனக்கு ஒண்ணு தோணிக்கிட்டே இருந்துச்சு. உன் ஹட்டியில இருந்து வர்ற குழந்தை வீட்ல படுகு மொழி பேசுது, சென்டர்ல நீங்க தமிழ்ல கத்துக்குடுக்கறீங்க, ஸ்கூல்ல இங்கிலீஷ். வேணுங்கறதைக் கேட்டு வாங்கறதை ஸ்கின்னர்ங்கற சைக்காலஜிஸ்ட் 1957லயே மேண்ட்னு சொல்லிட்டார், நம்ம சென்டர்கள்ல முதல்ல கத்துக்குடுக்கறதும் அதைத்தான். 'தண்ணி'ன்னு கேக்கக் கத்துக்கிட்ட குழந்தை வீட்டுக்குப் போய் பாட்டிகிட்ட 'நீரு'ன்னு கேக்குமா? தமிழ்ல கத்துக்குடுத்தா படுகுல தானா வருமா, இல்ல முதல்ல படுகுல ஆரம்பிச்சா சீக்கிரம் வருமா? அமெரிக்காவுல உக்காந்திருக்கற ஒருத்தரால இதைக் கேக்க முடியாது, உன்னால முடியும், ரெண்டு மொழியும் உன் வாயில இருக்கு.

அளக்கும்போது தனியா அளக்காதே. கூட வேலை பாக்கற ஒருத்தரை அதே செஷனை தனியா கவுண்ட் பண்ணச் சொல்லி ரெண்டு நோட்டையும் ஒப்பிட்டுப் பாரு, 80 சதவீதமாவது ஒத்துப் போகணும், இல்லன்னா நீ எழுதி வெச்சிருக்கற விளக்கம் தெளிவா இல்லன்னு அர்த்தம். இதெல்லாம் அந்தக் குழந்தையோட தெரபிக்காக எடுக்கற டேட்டா, ரிசர்ச்சா வெளியிடணும்னா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எதிக்ஸ் கமிட்டி அனுமதி வேணும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஐசிஎம்ஆரோட 2017 விதிமுறைகள்ல தெளிவா இருக்கு. எம்எஸ்சி கைடை திரும்பப் போய் பாரு, அவங்க யுனிவர்சிட்டி கமிட்டி வழியா போகலாம். அப்பா அம்மாவுக்குப் புரியற மொழியில சொல்லி சம்மதம் வாங்கு.

இன்னொண்ணு, இதை நான் விட மாட்டேன். ஏபிஏ தெரபியில வளந்து பெரியவங்களான ஆட்டிசம் உள்ளவங்க நிறைய பேர் அது எங்களைக் காயப்படுத்துச்சுன்னு எழுதறாங்க. லோவாஸ்ங்கற ஆராய்ச்சியாளர் 1987ல வெளியிட்ட ஸ்டடியில வாரம் 40 மணி நேரம் தெரபி, அதுல தண்டனையும் இருந்துச்சு. அதையும் படி, அவங்க எழுதறதையும் படி. குழந்தை முகத்தைத் திருப்பிக்கிட்டா அது வேண்டாம்னு சொல்றதுதான், அதை மதிக்கத் தெரியாம எத்தனை டிகிரி வாங்கினாலும் இந்த வேலைக்கு நாம லாயக்கு இல்ல.

இங்கயே பண்ணணும்னாலும் வழி இருக்கு. நெட் எக்ஸாம் எழுது, ஜேஆர்எஃப்ங்கற ரிசர்ச் உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000 ரூபா, ரெண்டு மூணு குழந்தைங்களை மட்டும் வெச்சுப் பண்ற ரிசர்ச்சை ஏத்துக்கற கைடா பாத்துச் சேரணும், அதுதான் கஷ்டம். மருத்துவத்துக்குத் துணையான வேலைகளுக்குன்னு வந்த 2021 சட்டத்துல பிஹேவியரல் அனலிஸ்ட்னு ஒரு பிரிவே சேத்திருக்காங்க, அதனால நாளைக்கு இங்கயும் இந்த வேலைக்கு மதிப்பு வரும். சைக்காலஜியை தபால்லயோ ஆன்லைன்லயோ நடத்தக் கூடாதுன்னு 2025ல யுஜிசி சொல்லிடுச்சு, அப்படி எதுலயும் பணம் கட்டிடாதே.

வெளிநாட்டு அட்மிஷனுக்கு பெரும்பாலும் டிசம்பர்லதான் கடைசி தேதி, ஆகஸ்ட் செப்டம்பர்லயே ப்ரொஃபசர்களுக்கு மெயில் போயிடணும். எல்லாருக்கும் ஒரே மெயிலை அனுப்பாதே. அவங்க பேப்பர் ரெண்டு படிச்சு, அதுல எது உன் சென்டர்ல ஒத்துப் போகுது எது போகலைன்னு நாலு வரி, உன் கேள்வி ரெண்டு வரி, அவ்வளவு போதும். லெட்டர் ஆஃப் ரெகமண்டேஷனை உன் வேலையை நேர்ல பாத்தவங்ககிட்ட வாங்கு.

அது வரைக்கும், அடுத்த வாரம் ஒரு குழந்தையோட அம்மாகிட்ட கேட்டு அது வீட்ல எதை எந்த வார்த்தையில கேக்குதுன்னு ஒரு லிஸ்ட் எழுது. எழுதினதும் குழந்தை பேரைப் போடாம எனக்கு அனுப்பு, சேந்து பாக்கலாம்.