மலைப் பஸ்ஸின் தகட்டுக்கு எந்த ரிவிட்?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில் ரொம்ப காலமாக நின்ற பழைய லேலண்ட் கோமெட் பஸ்ஸை மறுபடி ஓட வைக்கப் பார்க்கிறோம். இன்ஜின் வேலை முடிந்துவிட்டது. ஜன்னலுக்குக் கீழே அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பொரிந்து ஓட்டை விழுந்திருக்கின்றன. பழைய ரிவிட்டுகள் எல்லாம் குண்டுத் தலை. மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறைக்காரர் பாப் ரிவிட்டே போதும் என்கிறார். நண்பர் ஒருவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் நிற்கும் என்கிறார். எது சரி, என்ன அளவில் வாங்குவது? – கோத்தகிரி வாசகர்

பதில்: பின்பக்கம் கை போகிற இடமெல்லாம் பழையபடி அலுமினியக் கெட்டி ரிவிட் (நடுவில் துளையில்லாமல், வாலை நசுக்கிப் பொருத்துவது). கை போகாத இடத்தில் மட்டும் அடி மூடிய பாப் ரிவிட் (வெளியிலிருந்தே கன்னால் இழுத்துப் பொருத்துவது). ஸ்டெயின்லெஸ் வேண்டாம்.

முதலில் தகட்டைக் கவனியுங்கள். நீங்கள் சொல்லும் வெள்ளைப் பொடி, அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டி நின்றதால் வந்தது. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் தண்ணீர் தங்கினால் அலுமினியம்தான் கரையும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை முடிந்தாலும் மூடுபனி விடாது. தகட்டுக்கும் அதைத் தாங்கும் செங்குத்துச் சட்டமான பில்லருக்கும் இடையில் புகுந்த ஈரம் காய வாரக்கணக்கில் ஆகும். எந்த ரிவிட் போட்டாலும் இந்த இடுக்கை அடைக்காவிட்டால் புதுத் தகடும் அதே கதிதான். பில்லரின் துருவைச் சுரண்டி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அடியுங்கள். தகட்டின் உள்பக்கம் அலுமினியத்தில் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர். இரண்டுக்கும் நடுவில் பாலியூரித்தேன் சீலன்ட். ரிவிட்டையும் பிரைமரிலோ சீலன்ட்டிலோ தோய்த்து, ஈரமாக இருக்கும்போதே துளையில் விட வேண்டும். சிறிய அலுமினிய ரிவிட் பெரிய இரும்புச் சட்டத்தில் வெறுமனே நின்றால் ரிவிட்தான் முதலில் போகும்.

அப்படியானால் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் நல்லதுதானே என்று நண்பர் கேட்பார். அது துருப்பிடிக்காது, சுற்றியிருக்கும் அலுமினியத்தைத்தான் அரிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை கழற்றும்போது வரும். மலைப்பாதையில் ஓடும் வண்டியின் கீழ்த் தகடு என்றைக்காவது கைப்பிடிச் சுவரில் உரசத்தான் போகிறது. அன்றைக்கு அந்த ரிவிட்டைத் துளைத்து எடுத்தால் டிரில் பிட் வழுக்கி, பக்கத்து மெத்தென்ற தகட்டில் துளை முட்டை வடிவமாகிவிடும். அலுமினிய ரிவிட் என்றால் நொடியில் தலை கழன்று வரும்.

பட்டறைக்காரர் சொல்லும் சாதாரண பாப் ரிவிட்டில் குறை வேறு. அதன் நடுவில் ஒரு பின் இருக்கும். கன்னால் இழுத்ததும் அது முறிந்து பாதி உள்ளே தங்கும். உடல் அலுமினியம், பின் பெரும்பாலும் இரும்பு. காந்தம் வைத்தால் தெரிந்துவிடும். உள்ளே தங்கிய பின் துருப்பிடித்து பெயின்டில் பழுப்புக் கோடாக இறங்கும். சில கழன்று பில்லருக்குள் விழுந்து கலகலவென்று சத்தம் போடும். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரும் போகும். அடி மூடிய வகையில் பின் உள்ளேயே அடைபட்டிருக்கும், தண்ணீர் உள்ளே போகாது, விலை கூடுதல்தான். பெட்டி போன்ற பில்லர் உள்ள இடத்தில் பின்னாலிருந்து கை கொடுக்க முடியாது, அங்கே இதைப் போடுங்கள். மற்ற இடங்களிலும் இதையே போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் தலை தட்டையாக, நடுவில் குழியோடு தெரியும். பழைய பஸ்ஸை இவ்வளவு சிரமப்பட்டு மீட்கிற உங்களுக்கு அது தினமும் கண்ணை உறுத்தும்.

கெட்டி ரிவிட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் குழிந்த அச்சு வைத்த ஏர் கன்னால் தலையில் அடிக்க, உள்ளே ஒருவர் கனமான இரும்புக் கட்டையை வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள் லைனிங் முழுவதையும் முன்னமே கழற்றுங்கள். கழற்றினால் பில்லர் இரும்பா, தேக்கா என்பதும் தெரியும். மரமென்றால் ரிவிட் பேச்சே இல்லை, மர ஸ்க்ரூதான்.

இனி அளவு. அந்தக் காலத்து வண்டி, அங்குலக் கணக்கு. பழைய துளை பெரும்பாலும் 3/16 அங்குலமாக இருக்கும், அதாவது ஏறக்குறைய 4.8 மி.மீ. கடையில் 5 மி.மீ. கெட்டி ரிவிட் கொடுத்தால் நுழையாது, அடித்துத் திணிக்காதீர்கள். பழைய ரிவிட் ஒன்றைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். நீளத்துக்கு ஒரு எளிய கணக்கு: தகடும் சட்டமும் சேர்ந்த கனத்தோடு ரிவிட் விட்டத்தில் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். 16 கேஜ் தகடு 1.6 மி.மீ., சட்ட ஆங்கிள் 3 மி.மீ. என்றால் 4.6. அதோடு 7.2 சேர்த்தால் 11.8, 12 மி.மீ. நீளம் சரி. பாப் ரிவிட்டுக்கு 4.9 மி.மீ. டிரில் பிட்; பெட்டியில் போட்டிருக்கும் பிடிகன வரம்புக்கு (ரிவிட் பிடிக்கக்கூடிய மொத்தக் கனம்) நடுவில் இந்த 4.6 விழ வேண்டும். புதுத் துளை போட்டால் அதன் மையம் தகட்டு விளிம்பிலிருந்து விட்டத்தில் இரண்டு மடங்காவது உள்ளே இருக்கட்டும்.

பழையதை எடுக்கத் தலையின் நடுவில் பஞ்ச் வைத்துத் தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைத்து, உளியால் தலையைத் தட்டிவிட்டு, வாலைப் பின் பஞ்சால் தள்ளுங்கள். துளை பெரிதாகிப்போன இடங்களில் மட்டும் அடுத்த அளவு.

தகட்டை நீளமாக ஒரே துண்டாகப் போடாதீர்கள், பழையபடி பில்லருக்குப் பில்லர் போதும். உறைபனிக் காலையில் ஊட்டியில் நின்ற வண்டி மதியம் மேட்டுப்பாளையம் வெயிலில் நிற்கும். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 3 மீட்டர் தகட்டில், 30 டிகிரி வித்தியாசத்துக்கு, 1 மி.மீ. இழுபறி. ரிவிட் அடிக்கும்போதும் நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் போங்கள். ஓரத்திலிருந்து வந்தால் தகடு உப்பி நிற்கும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஈரத் தகட்டில் சீலன்ட் பிடிக்காது.

சில முறை மலை ஏறி இறங்கியதும் ரிவிட் தலைகளின் கீழே பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சட்டம் முறுக்கும்போது ஆடுகிற ரிவிட்டின் கீழே கறுப்புக் கோடு இழுக்கும். துடைத்தும் மறுபடி வந்தால், அதை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த அளவு போடுங்கள்.